அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு, எனக்கு ‘ரிஸ்க் 2 சதவீதம்’: இந்த 2 எங்கிருந்து வருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயது 36. சிகரெட் இல்லை, சுகர் இல்லை. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். போன மாதம் செய்த மாஸ்டர் செக்கப்பில் பிரஷர் 134/86, மொத்த கொலஸ்ட்ரால் 196, எச்டிஎல் (நல்ல கொழுப்பு என்பார்கள்) 34, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 210, எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 120. ஈசிஜியும் டிரெட்மில் டெஸ்டும் நார்மல். வெளிநாட்டுக் கால்குலேட்டர் ஒன்றில் இதையெல்லாம் போட்டால் மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் வாய்ப்பு ‘அடுத்த பத்து வருடத்தில் 2 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. இதை நம்பி நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. பிரஷர், சுகர், இதய நோய் சம்பந்தமான கள ஆய்வுகளில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் அளந்திருக்கிறேன், அளந்து வந்த எண்களை உட்கார்ந்து அலசியும் இருக்கிறேன். மருந்து பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது. எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த 2 கணக்குப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பதை அது சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கணக்குகளுக்கெல்லாம் மூலம் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் ஃபிரேமிங்ஹாம் என்ற சின்ன ஊர். 1945 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு 63 வயதில் இறந்துபோனார். அன்றைக்கு அவருடைய பிரஷர் 300/190. அதற்கு முன்னால் வருடக்கணக்காக ஏறிக்கொண்டே வந்திருந்தது, அவருடைய சொந்த மருத்துவர் இந்த வயதுக்கு இது சகஜம் என்றே சொல்லி வந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைய மருத்துவமே அப்படித்தான் நினைத்தது. வயதானால் குழாய் சுருங்கும், சுருங்கின குழாயில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தான் வேண்டும், அதைக் குறைத்தால் ஆபத்து என்று நம்பினார்கள்.

1948-ல் அமெரிக்க அரசு இதய நோய் ஆராய்ச்சிக்கென்று சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கியது. அதே வருடம் ஃபிரேமிங்ஹாமில் 30 முதல் 62 வயது வரை உள்ள ஆண், பெண் 5,209 பேரைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். இதில் புதுமை என்னவென்றால், நோயாளிகளைத் தேடிப் போகவில்லை. நன்றாக இருக்கிறவர்களைச் சேர்த்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு அளந்து, யாருக்கு எப்போது என்ன வருகிறது என்று காத்திருந்தார்கள். தாமஸ் டாபர், வில்லியம் கேனல் போன்றவர்கள் தங்கள் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தார்கள். 1961-ல் வந்த அவர்களுடைய கட்டுரைதான் ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்ற சொல்லை மருத்துவ உலகத்தில் நிலைக்க வைத்தது. பிரஷர் கூடினால் ஆபத்து, கொலஸ்ட்ரால் கூடினால் ஆபத்து, சிகரெட் ஆபத்து என்று இன்று டீக்கடையில்கூடச் சாதாரணமாகப் பேசுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் வேலையை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க வரிசையில் உட்கார்ந்ததால் தெரிந்த விஷயம் இது. 1971-ல் அவர்களுடைய பிள்ளைகளைச் சேர்த்தார்கள், 2002-ல் பேரன் பேத்திகளை. எனக்கு இந்த ஆய்வின் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, உங்கள் 2-க்கு வருவோம். உங்களைப் போலவே வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், சிகரெட் பழக்கம் உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால் பத்து வருடத்தில் சுமார் இரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான் அதன் பொருள். அந்த இரண்டு பேரில் நீங்கள் இருப்பீர்களா என்று எந்தக் கால்குலேட்டருக்கும் தெரியாது. இன்னொரு முக்கியமான விஷயம், இந்தக் கணக்கில் எல்லாவற்றையும்விடக் கனமானது வயது. 36 வயதில் யாரைப் போட்டாலும் சின்ன எண்தான் வரும், கொஞ்சம் மோசமான ரிப்போர்ட்டாக இருந்தாலும்கூட. இதே எண்களோடு வயதை மட்டும் 60 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள், எங்கோ போய் நிற்கும். பத்து வருடம் என்ற ஜன்னல் வழியாகப் பார்த்தால் இளைஞர்கள் எல்லோரும் பத்திரமாகத்தான் தெரிவார்கள். உங்கள் அப்பா தன் 41-வது வயதில் இதைப் போட்டுப் பார்த்திருந்தால் அவருக்கும் அநேகமாகச் சின்ன எண்தான் வந்திருக்கும்.

அடுத்தது, யாரை வைத்துப் போட்ட கணக்கு என்பது. ஃபிரேமிங்ஹாமில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். அந்தக் கணக்கைச் சீனர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது உண்மையில் இருப்பதைவிட அதிக ஆபத்தைக் காட்டியது. தெற்காசியர்களுக்குக் குறைவாகக் காட்டும் என்பது பிரிட்டனில் குடியேறிய நம்மவர்களைப் பார்த்ததில் தெரிந்தது. அதனால்தான் அங்கே பயன்படுத்தும் கியூரிஸ்க் கணக்கில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று இனத்தையும் கேட்கிறார்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது 60 வயதுக்குள் இதய நோய் வந்ததா என்ற கேள்வியும் அதில் உண்டு. நீங்கள் போட்ட கால்குலேட்டர் அப்பாவைப் பற்றிக் கேட்டதா? அமெரிக்கக் கணக்குகளில் பிரபலமானவை அதைக் கேட்பதே இல்லை. கேட்காத விஷயம் பதிலில் எப்படி வரும்?

நம் ஆட்களுக்கு மாரடைப்பு சீக்கிரம் வருகிறது என்பது வெறும் பேச்சு இல்லை. கனடாவில் இருக்கும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்போடு வந்த சுமார் 15,000 பேரையும், அதே வயதில் மாரடைப்பு வராத கிட்டத்தட்ட அதே எண்ணிக்கை ஆட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் ஆகிய ஐந்து நாட்டுக்காரர்களை மட்டும் தனியே எடுத்து 2007-ல் இன்னொரு கட்டுரை வந்தது. மற்ற நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 58.8 வயதில் வந்திருந்தது, நம் பக்கம் 53 வயதில். கிட்டத்தட்ட ஆறு வருடம் முன்னால்.

இதைப் படித்தவுடன் ‘நம்ம ஜீன் அப்படி’ என்று கையை விரித்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே கட்டுரையைக் கடைசி வரை படிக்க வேண்டும். சிகரெட், பிரஷர், சுகர், தொப்பை, கெட்ட கொழுப்புக்கும் நல்ல கொழுப்புக்கும் உள்ள விகிதம், மன அழுத்தம், உடற்பயிற்சி இல்லாமை, காய்கறி பழம் குறைவு, மது என்ற ஒன்பது விஷயங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வயது வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துபோனது. நமக்கு இந்த ஆபத்துகள் சின்ன வயதிலேயே வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அதனால் மாரடைப்பும் சின்ன வயதில் வருகிறது. ஜீனுக்குப் பங்கு இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது. ஆனால் நம் கையில் இருக்கும் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

இப்போது உங்கள் கொழுப்பு ரிப்போர்ட். ‘எல்டிஎல் 120, பரவாயில்லை’ என்று சொல்லியிருப்பார்கள். அந்த 120-ஐ லேபில் நேரடியாக அளந்திருக்க மாட்டார்கள். மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழிப்பார்கள். 196-ல் 34 போனால் 162, அதில் 42 போனால் 120. உங்கள் ரிப்போர்ட்டில் அப்படியே பொருந்துகிறது பாருங்கள். 1972-ல் ஃபிரீடுவால்டு என்பவரும் கூட இருந்தவர்களும் கொடுத்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தச் சூத்திரம் தடுமாறும், 400-ஐத் தாண்டினால் பயன்படுத்தவே கூடாது.

டிரைகிளிசரைடு கூடுதல், எச்டிஎல் குறைவு, எல்டிஎல் பார்ப்பதற்குச் சுமார் என்ற இந்தச் சேர்க்கை நம்மவர்களிடம் மிகவும் சகஜம். இதில் என்ன பிரச்சினை என்றால், எல்டிஎல் என்பது ரத்தத்தில் மிதக்கும் துகள். லேப் சொல்லும் 120 அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. நூறு மூட்டை அரிசியைப் பத்து லாரியிலும் ஏற்றலாம், ஐம்பது சின்ன வண்டியிலும் ஏற்றலாம், எடை ஒன்றுதான். ரத்தக் குழாயின் சுவருக்குள் போய்ச் சிக்கிக்கொள்வது வண்டிகள். சின்னச் சின்னதாக நிறைய வண்டி ஓடும் உடம்பில் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். வண்டியை எண்ணவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு துகளிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும், அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கை தெரிந்துவிடும். அந்த டெஸ்ட் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். உங்களுக்கு 162 வருகிறது. 130-க்குக் கீழே இருப்பது நல்லது என்பார்கள். ‘எல்டிஎல் நார்மல்’ என்று முடித்துவிடக்கூடிய ரிப்போர்ட் இல்லை இது.

எச்டிஎல் 34 என்று பயந்து அதை ஏற்ற மாத்திரை தேடாதீர்கள். ஆராய்ச்சி உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் அது. எச்டிஎல் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஃபிரேமிங்ஹாம் காட்டியது, அது உண்மைதான். அப்படியானால் மருந்தால் ஏற்றிவிடலாமே என்று டார்செட்ரபிப் என்ற மருந்தை சுமார் 15,000 பேரிடம் சோதித்தார்கள். எச்டிஎல் 72 சதவீதம் ஏறியது. 2006 டிசம்பரில் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது, ஏனென்றால் மருந்து எடுத்தவர்களில் 93 பேர் இறந்திருந்தார்கள், எடுக்காதவர்களில் 59 பேர். அந்த மருந்து பிரஷரையும் ஏற்றியது, அதுவும் ஒரு காரணம். ஆனால் பின்னால் வந்த வேறு மருந்துகளும் எச்டிஎல்லை ஏற்றியதால் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. குறைந்த எச்டிஎல்லை ஓர் அடையாளமாகப் பார்ப்பதுதான் சரி. நடை கூடி, தொப்பை குறைந்து, மைதாவும் இனிப்பும் குறைந்தால் டிரைகிளிசரைடு இறங்கும், அதனோடு எச்டிஎல்லும் ஓரளவு சரியாகும்.

எல்டிஎல் கதை நேர் எதிர். பிசிஎஸ்கே9 என்ற ஜீனில் ஒரு குறை இருந்தால் பிறந்ததிலிருந்தே எல்டிஎல் குறைவாக இருக்கும். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் அப்படிப்பட்ட 85 பேரைப் பதினைந்து வருடம் கவனித்த ஆய்வு 2006-ல் வந்தது. மற்றவர்களுக்குச் சராசரி 138 என்றால் இவர்களுக்கு 100 தான். பதினைந்து வருடத்தில் இவர்களில் ஒரே ஒருவருக்குத்தான் இதயக் குழாய் நோய் வந்தது. மற்றவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப்படி 88 சதவீதம் குறைவு. 85 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் அந்த 88-ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையால் ஏறக்குறைய இதே 40 புள்ளியைச் சில வருடங்கள் குறைத்தால் ஆபத்து குறைவது ஐந்தில் ஒரு பங்குதான். பிறந்ததிலிருந்து குறைவாக இருப்பதற்கும் ஐம்பது வயதுக்கு மேல் குறைப்பதற்கும் இத்தனை வித்தியாசம் என்றால், இங்கே காலம்தான் பேசுகிறது. எத்தனை வருடம் எவ்வளவு ஓடியது என்பதன் கூட்டுத்தொகை அது. 36 வயதுக்காரர் கவலைப்பட வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையைப் பற்றி, பத்து வருட சதவீதம் அதைக் காட்டாது.

இதோடு லிப்போபுரோட்டீன்-ஏ என்று எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளும் உண்டு. நார்வேயைச் சேர்ந்த கோரே பெர்க் 1963-ல் கண்டுபிடித்தது. இது கிட்டத்தட்ட முழுக்கப் பரம்பரை, சாப்பாட்டாலோ நடையாலோ பெரிதாக மாறாது. அதனால் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்துக் கணக்கு மாறுகிறது, மற்றதையெல்லாம் இன்னும் இறுக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்களில் 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பம் என்றால் இதைப் பார்த்துவிடுவது நல்லது. உங்களுடையது அப்படிப்பட்ட குடும்பம்.

பிரஷருக்கு வருகிறேன், என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் நீளும். அந்த 134/86-ஐ எப்படி எடுத்தார்கள்? மாடிப்படி ஏறி வந்தவுடனா, பேசிக்கொண்டே இருக்கும்போதா, முழுக்கைச் சட்டையைச் சுருட்டிவிட்டு அதன் மேலேயா? ஒரு கிராமத்தில் கோயில் திண்ணையில் நாற்காலி போட்டு அளந்துகொண்டிருந்தோம். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்தார். 158. ‘கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்கம்மா’ என்று சொல்லி, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் பதித்து, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தோம். 136. முதல் எண்ணோடு அவரை அனுப்பியிருந்தால் அன்றிலிருந்து அவர் பிரஷர் நோயாளி. எதிர்ப்பக்கமும் உண்டு. டாக்டரிடம் போனால் நார்மல், வீட்டிலும் வேலையிலும் ஏறியிருக்கும், யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம், ஒரு தடவை எண்களை அலசும்போது ஓர் ஊரில் எடுத்த அளவுகள் எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்ஜியத்திலேயே முடிந்திருந்தன. பாதரசக் கருவியில் இரண்டிரண்டாகத்தான் கோடு இருக்கும், ஆனால் அவசரத்தில் கண்ணும் கையும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். அந்த ஊர் முழுவதையும் மறுபடி அளந்தோம், மூன்று வாரம் ஆனது. 138 என்பது 140 ஆவதும் 142 என்பது 140 ஆவதும் ஒரு மனிதருக்கு மாத்திரையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் இடம், அதை எப்படி விட முடியும்?

அதனால் ஒரு ஆஸ்பத்திரி எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். உங்கள் கை தடிமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஏழு நாள், காலையில் காபிக்கு முன்னால் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு. முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டு அளவில் 135/85 தாண்டினால் அது பிரஷர்தான். அதன் கீழே ஆனால் ஒட்டினாற்போல இருந்தாலும் உப்பையும் எடையையும் குறைக்க 36 வயதுதான் சரியான நேரம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஓட்டல் சாம்பார் இவற்றில்தான் நம் உப்பு ஒளிந்திருக்கிறது.

இடுப்பையும் அளந்துவிடுங்கள். ‘பேன்ட் சைஸ் 34’ என்று சொல்வது அளவு ஆகாது, தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் எல்லோரும் பேன்ட் போடுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, தையல் டேப்பை வைத்து அளக்க வேண்டும். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 எல்லை.

ஈசிஜி, டிரெட்மில் நார்மல் என்பதில் நிம்மதி தேடுகிறீர்கள், அதில் பாதிதான் நியாயம். கொழுப்பு குழாய்க்குள் உப்பு படிவது போலப் படிகிறது என்று சொல்லிச் சொல்லி நம் மனதில் தப்பான படம் பதிந்துவிட்டது. அது சுவருக்குள்ளே வளர்கிறது. ஆரம்பத்தில் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும், ரத்தம் போகும் வழி சுருங்காது. வழி நன்றாகச் சுருங்கினால்தான் டிரெட்மில்லில் தெரியும். ஆனால் அதிகம் அடைக்காத ஒரு கொழுப்புத் திட்டு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்துதான் பல மாரடைப்புகள் வருகின்றன. போன மாதம் டிரெட்மில் நார்மல், இந்த மாதம் அட்டாக் என்று கேள்விப்படுவது இதனால்தான். சிடி ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர், அதாவது இதயக் குழாயின் சுவரில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்ல டெஸ்ட், ஆனால் உங்கள் வயதில் பூஜ்ஜியம் வந்தால் முழு நிம்மதி அடைய முடியாது, கால்சியம் படியாத இளம் திட்டுகள் அதில் தெரியாது.

உடற்பயிற்சிக்கு எனக்குப் பிடித்த ஆய்வு லண்டன் பஸ்ஸில் நடந்தது. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்று காட்டினார். அதோடு நிறுத்தவில்லை. வேலைக்குச் சேரும்போதே குண்டானவர்கள் டிரைவராகப் போயிருந்தால்? 1956-ல் அவர்களுக்குக் கொடுத்த சீருடைகளின் அளவை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு உண்மையிலேயே பெரியது, இளம் வயதுக்காரர்களிடமும்கூட. தன் முடிவையே கேள்வி கேட்கக்கூடிய அந்தத் தகவலை அவரே வெளியிட்டார். பிறகு வேறு வேலைக்காரர்களையும் பல வருடம் பார்த்துத்தான் நடையின் பலன் உறுதியானது. முட்டை நல்லது, காபி கெட்டது என்று வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் அந்தச் சீருடைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஏழு நாள் பிரஷர் குறிப்பு, இடுப்பளவு, முடிந்தால் அப்போ-பி, ஒரே ஒரு தடவை லிப்போபுரோட்டீன்-ஏ, மூன்று மாத சுகர் சராசரி. இவற்றோடு டாக்டரிடம் போய், ஸ்டேட்டின் இப்போதே வேண்டுமா, ஆறு மாதம் நடையும் சாப்பாடும் மாற்றிப் பார்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். நீங்களாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம், நோய் வராதவர்களுக்கு அதில் ரத்தக் கசிவு ஆபத்து இருக்கிறது.

போவதற்கு முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். பீரோவில் அவருடைய பழைய ரிப்போர்ட் இருக்கும், மாரடைப்புக்கு முன்னால் எடுத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, பிறகு எடுத்ததெல்லாம் மாத்திரை போட்ட எண்கள். அப்போது சிகரெட் பிடித்தாரா, சுகர் இருந்ததா, பிரஷரை எத்தனை வருடம் கவனிக்காமல் விட்டார் என்று கேளுங்கள். அவர் தினம் ஒரு பாக்கெட் பிடித்தவர், சுகரும் இருந்தது என்றால் 51-க்கு விளக்கம் ஓரளவு கிடைத்துவிடும், உங்களுக்கு வந்திருப்பதில் பெரும்பகுதி பழக்கத்தால் மாறக்கூடியது. எதுவுமே இல்லாமல், ஒல்லியாக, நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு வந்தது என்றால் ரத்தத்தில் ஏதோ பரம்பரையாக ஓடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது லிப்போபுரோட்டீன்-ஏவை அவருக்கும், உங்கள் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.